சுவிட்சை இழுத்ததும் சத்தம் செத்துப் போகிறதா? டேப் எடுத்த பிக்கப் வயரிங்கில் கோளாறு தேடும் முறை

செந்தூலில் என் வீட்டு அடுக்களைக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு சோல்டரிங் அயர்ன். கல்யாண மண்டபங்களில் வாசிப்பவர்கள், தேவாலய ஆராதனைக்கு வாசிப்பவர்கள் என்று கோலாலம்பூரைச் சுற்றியுள்ள நம் பிள்ளைகளின் கிட்டார்கள் அந்த மேசைக்கு வந்து போகும். கிட்டாரின் பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காயில்; அதில் ஒரு பகுதியை மட்டும் பேச வைப்பது டேப் சுவிட்ச். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப நான் கேட்கும் புகார் ஒன்று உண்டு. "அண்ணே, டேப் சுவிட்ச் போட்டேன், சரியா வரல."

சரியா வரல என்பதில் பத்து வியாதி ஒளிந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் போகலாம், மந்தமாகலாம், உறுமலாம், இரண்டு பிக்கப் சேர்ந்தால் மட்டும் மெலியலாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. பெரும்பாலானவர்கள் சுவிட்சைக் குற்றம் சொல்லி ஜாலான் பாசாருக்குப் போய் இன்னொரு சுவிட்ச் வாங்கி வருகிறார்கள். என் மேசையில் திறந்து பார்த்தவற்றில் சுவிட்ச் கெட்டிருந்தது மிகக் குறைவு. கம்பி போகக் கூடாத காலுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கக் காதை விட மல்டிமீட்டர் வேகமானது.

ஒரு சொல் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். 'டேப்' என்பதும் 'ஸ்ப்ளிட்' என்பதும் வேறு வேறு. ஒரே காயிலில் சுற்றிக்கொண்டே போய், பாதி வழியில் ஒரு கம்பியை வெளியே இழுத்துவிட்டு, மீண்டும் மேலே சுற்றினால் அது டேப். அந்தப் பிக்கப்பிலிருந்து மூன்று கம்பி வரும்: உள்முனை, நடுமுனை, வெளிமுனை. ஹம்பக்கர் என்ற வகைப் பிக்கப்பில் இரண்டு காயில் அடுத்தடுத்து இருக்கும். அதில் ஒன்றை அமைதியாக்குவது ஸ்ப்ளிட். அதிலிருந்து நான்கு நிறக் கம்பியும், உறையில்லாத ஒரு கிரவுண்ட் (மின்சுற்றின் திரும்பும் பக்கம்) கம்பியும் வரும். கடைக்காரர் முதல் கிட்டார் பெட்டியில் அச்சடித்தவர் வரை எல்லாரும் இரண்டையும் டேப் என்றே சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் ஸ்ப்ளிட்டுக்கு வரைந்த படத்தை வைத்து டேப் பிக்கப்பை இணைத்தால், இந்தக் கட்டுரையின் பாதிக் கோளாறுகள் ஒரே நாளில் உங்கள் கிட்டாரில் வந்து சேரும்.

முதலில் எண்களை எழுதுங்கள்

கிட்டாரைத் திறக்காமலே இதைச் செய்யலாம். கேபிளைக் கிட்டாரில் செருகுங்கள். மறுமுனையை ஆம்பில் செருகாமல் மீட்டரில் வையுங்கள்: பிளக்கின் நுனியில் சிவப்பு, உடலில் கறுப்பு. மீட்டர் 20 கிலோ ஓம் நிலையில் இருக்கட்டும். வால்யூமும் டோனும் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். செலெக்டர், அதாவது எந்தப் பிக்கப் பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச், சந்தேகப்படும் அந்த ஒரு பிக்கப்பில் மட்டும் இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் இரண்டு பிக்கப்பும் இணையாகச் சேர்ந்து எண் பொய் சொல்லும்.

சுவிட்சை முழுக் காயில் பக்கம் வைத்து ஓர் எண், டேப் பக்கம் வைத்து ஓர் எண். இரண்டையும் தாளில் எழுதுங்கள்.

கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். உள்முனையிலிருந்து நடுமுனை வரை 7 கிலோ ஓம், நடுமுனையிலிருந்து வெளிமுனை வரை 5, மொத்தம் 12. வால்யூம் பாட் (வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை) 250 கிலோ ஓம். அந்தப் பாட் பிக்கப்புக்கு இணையாக நிற்பதால் ஜாக்கில் கொஞ்சம் குறைத்தே காட்டும்: முழுக் காயிலுக்கு 11.4 போல, டேப்புக்கு 6.8 போல. இது சரியான கிட்டார்.

நம் ஊர் வெயிலும் இந்த எண்ணில் கை வைக்கும். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.39 விழுக்காடு ஏறும். குளிர்நாட்டுத் தொழிற்சாலையில் 20 டிகிரியில் 12.0 என்று அளந்து பெட்டியில் எழுதிய பிக்கப், மின்விசிறி மட்டும் ஓடும் 32 டிகிரி அறையில் 12.5-க்கு மேல் காட்டும். "போலிப் பொருளைக் கொடுத்துட்டாங்க அண்ணே" என்று பதறி வந்தவர்கள் உண்டு. பொருள் நல்ல பொருள்தான், சூடு அதிகம்.

சுவிட்சைத் தள்ளினால் எந்த மாற்றமும் இல்லை

இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்தால் கம்பிதான் மாறவில்லை. எண் மாறுகிறது, காதுக்கு மட்டும் தெரியவில்லை என்றால் டிஸ்டார்ஷனை அணைத்துவிட்டு, சுத்தமான சத்தத்தில் கேளுங்கள். நிறைய டிஸ்டார்ஷன் பெரிய சத்தத்தையும் சின்னச் சத்தத்தையும் ஒரே உயரத்துக்கு நசுக்கிவிடும்.

எண் மாறாததற்கு நான் அதிகம் பார்த்த காரணம், ஆறு கால் சுவிட்சைத் தவறாகப் படிப்பது. அதை இரண்டு தனித்தனி சுவிட்சுகள் ஒரே உறைக்குள் ஒட்டிக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் மூன்று கால் ஒரு வரிசை, பக்கத்தில் இன்னொரு மூன்று. ஒவ்வொரு வரிசையிலும் நடுக்கால்தான் பொது. குறுக்கே இருக்கும் கால்களுக்குள் எந்த உறவும் கிடையாது. வேலை தொடங்கும் முன் மீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, எந்த நிலையில் எந்தக் கால் எதோடு பேசுகிறது என்று ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். சிறிய டாகிள் சுவிட்சில் குச்சியை மேலே தள்ளினால் நடுக்கால் கீழ்க்காலோடு சேரும், ஏனென்றால் உள்ளே இருப்பது ஏற்றப்பலகை மாதிரி ஒரு தகடு. இழுக்கும் வகை வால்யூம் பாட்டில் இழுத்தால் எது, அழுத்தினால் எது என்பதைப் படத்தை நம்பி முடிவு செய்யாமல் நீங்களே அளந்துவிடுங்கள்.

டேப்புக்கு ஒரு வரிசை போதும். நடுக்கால் செலெக்டருக்கோ வால்யூமுக்கோ போகும். ஒரு பக்கக் காலில் வெளிமுனை, மறு பக்கக் காலில் நடுமுனை. உள்முனை சுவிட்ச் பக்கமே வராமல் நேராகக் கிரவுண்டுக்குப் போகும்.

ஹம்பக்கர் ஸ்ப்ளிட்டில் மாற்றமே தெரியாவிட்டால் வால்யூம் பாட்டின் முதுகில் வைத்த கிரவுண்ட் ஈயத்தைத் தட்டிப் பாருங்கள். சின்ன அயர்னால் அந்தப் பெரிய உலோக முதுகு சூடேறாது. ஈயம் முத்து மாதிரி உருண்டு உட்கார்ந்திருக்கும், ஒட்டியிருக்காது. நகத்தால் நெம்பினாலே கழன்றுவிடும்.

டேப் பக்கம் தள்ளினால் சத்தமே இல்லை

இங்கே மீட்டர் காட்டும் எண்ணே பதில்.

பூஜ்யம் காட்டினால் ஹாட் கம்பி (சத்தத்தை ஜாக்குக்குக் கொண்டு போகும் கம்பி) எங்கோ கிரவுண்டைத் தொடுகிறது. டேப் பிக்கப்பில், சுவிட்சில் நடுமுனை இருக்க வேண்டிய காலில் கிரவுண்டுக்குப் போகும் கம்பி இருக்கும். ஹம்பக்கரில் இரண்டு காயிலும் சேரும் இணைப்பைச் சுவிட்சுக்குக் கொண்டு போவதற்குப் பதில் ஹாட் கம்பியையே கொண்டு போயிருப்பீர்கள். நிறங்களை நிறுவனத்துக்கு நிறுவனம் மாற்றிப் போடுவதால் வரும் வினை இது. சீமோர் டங்கனில் கறுப்பு ஹாட், பச்சை கிரவுண்ட், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேரும். டிமார்சியோவில் சிவப்பு ஹாட், பச்சை கிரவுண்ட், கறுப்பும் வெள்ளையும் சேரும். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றொன்றை இணைத்தால் ஹாட்டை நீங்களே குழியில் தள்ளியதாகிவிடும்.

20 கிலோ ஓம் நிலையில் மீட்டர் எல்லை தாண்டியதாகக் காட்டினால் 2 மெகா ஓம் நிலைக்கு மாற்றுங்கள். 250-ஐ ஒட்டி ஓர் எண் வந்தால் நீங்கள் அளப்பது வால்யூம் பாட்டை மட்டும்தான். அதற்குப் பின்னால் பிக்கப் இல்லை. பாட்கள் சொன்ன அளவிலிருந்து 20 விழுக்காடு வரை விலகியிருக்கும், எனவே 210 வந்தாலும் 290 வந்தாலும் அதே பொருள்தான். நடுமுனைக் கம்பி அறுந்திருக்கலாம், அல்லது தவறான காலில் இருக்கலாம். அங்கேயும் எதுவும் காட்டவில்லை என்றால் பிரச்சினை பிக்கப் பக்கமே இல்லை; ஜாக்கையும் கேபிளையும் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான வியாதியும் ஒன்று உண்டு. டேப்பில் சத்தம் வரும், முழுக் காயிலில் வராது. போன ஆண்டு கிள்ளானிலிருந்து ஒரு தம்பி அப்படி ஒரு கிட்டார் கொண்டுவந்தார். வேறொரு கடையில் பிக்கப் செத்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: டேப்பில் சத்தம் வருகிறது என்றால் உள்முனை முதல் நடுமுனை வரை 7 கிலோ ஓம் நலமாக இருக்கிறது. அறுந்தது நடுமுனைக்கு மேலே உள்ள வெளிச்சுற்றில். வெளிச்சுற்று அறுவது பெரும்பாலும் கடைசிச் சுற்றில், கம்பி வெளியே வந்து கண்ணித்துளையில் ஈயத்தோடு சேரும் இடத்தில். உருப்பெருக்கியில் பார்த்தால் அங்கே பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தது. வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்து செம்பைத் தின்றிருக்கின்றன. 42 கேஜ் கம்பியின் குறுக்களவு ஏறக்குறைய 0.063 மில்லிமீட்டர், தலைமுடி தடிமன்தான். பல் குத்தும் குச்சியின் முனையால் அரைச் சுற்றை மெல்லப் பிரித்து, முனையை மெல்லிய உப்புத்தாளில் ஒரு தடவல் தடவி, மேலே இருந்த பூச்சை எடுத்துவிட்டு மீண்டும் ஈயம் வைத்தேன். 12 வந்தது. இப்படிச் செய்யும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், அதன் காற்றுக்கே அந்த முனை பறந்து போகும்.

இரண்டு நிலையிலும் பிக்கப் பேசாமல், நடுமுனைக்கும் வெளிமுனைக்கும் இடையே மட்டும் 5 காட்டினால் அறுந்தது உள்ளே. உள்முனையின் கண்ணித்துளையைச் சோதித்துப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் மறுபடி சுற்றத்தான் வேண்டும்.

சத்தம் வருகிறது, ஆனால் போர்வை போர்த்தியது போல மந்தமாக இருக்கிறது

இந்தக் கோளாறைத்தான் நான் பொறுமையாக விளக்க விரும்புகிறேன். சத்தம் வருவதால் யாரும் இதைக் கோளாறென்று நினைப்பதில்லை. "டேப்னா இப்படித்தான் இருக்கும் போல" என்று முடிவு கட்டி, அந்தச் சுவிட்சைத் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள். நல்ல பிக்கப்பின் பாதி அழகு வீணாகிறது.

டேப் நிலையில் சத்தம் கொஞ்சம் இறங்க வேண்டும். கூடவே மேல் ஸ்தாயி திறந்து, மணிச் சத்தம் மாதிரி தெளிவு வர வேண்டும். சுற்று குறைந்தால் இண்டக்டன்ஸ் (காயிலின் மின்தூண்டல்) குறையும், பிக்கப்பின் ஒத்ததிர்வு உச்சம் மேலே ஏறும். அதனால் டேப்பில் மந்தம் ஏறினால் அது இயல்பு கிடையாது, வயரிங் தவறு.

தவறு இப்படி வருகிறது. ஹம்பக்கர் ஸ்ப்ளிட் படத்தில் ஹாட் எப்போதும் ஹாட்டிலேயே இருக்கும். சுவிட்ச் நடுவிலுள்ள இணைப்பைக் கிரவுண்டில் தள்ளும். அதைப் பார்த்து டேப் பிக்கப்பிலும் வெளிமுனையை ஹாட்டில் நிரந்தரமாக வைத்து, நடுமுனையைச் சுவிட்ச் வழியாகக் கிரவுண்டுக்கு அனுப்புகிறார்கள். உள்முனை ஏற்கெனவே கிரவுண்டில் இருக்கிறது. ஆக உள்சுற்றின் இரண்டு முனையும் கிரவுண்டில் சேர்ந்து, 7 கிலோ ஓம் சுற்று ஒரு மூடிய வளையமாகிவிடுகிறது. பேசுவது மிச்சமுள்ள 5 மட்டும்.

ஹம்பக்கரில் ஒரு காயிலை ஷார்ட் செய்தால் பெரிய கேடு இல்லை, ஏனென்றால் அந்தக் காயில் தள்ளி, வேறு கம்பங்களின் (தந்திக்குக் கீழே நிற்கும் உலோகத் துண்டுகளின்) மேல் நிற்கிறது. டேப் பிக்கப்பில் இரண்டு சுற்றும் ஒரே காந்தங்களைச் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. தந்தி அதிர்ந்து காந்தப்புலத்தை அசைக்கும்போது, மூடிய வளையத்துக்குள் மின்னோட்டம் ஓடி அந்த அசைவையே எதிர்க்கும். வேகமான அசைவுகளை, அதாவது மேல் ஸ்தாயிகளை, அதிகமாக எதிர்க்கும். அதுதான் நீங்கள் கேட்கும் போர்வை.

ஜாக்கில் அளந்தால் 6.8 வர வேண்டிய இடத்தில் 4.9 வரும். அதைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம்: நடுமுனை கிரவுண்டில் இருக்கிறது.

இதன் தம்பி இன்னும் தந்திரக்காரன். ஜாக்கில் எண் சரியாக 6.8 காட்டும், சத்தம் மட்டும் மந்தம். வெளிமுனையும் நடுமுனையும் டேப் நிலையில் ஒன்றோடொன்று சேர்ந்து, இரண்டும் ஹாட்டுக்குப் போகின்றன. இம்முறை மூடிய வளையமாவது வெளிச்சுற்று. ஜாக் இதைக் காட்டிக் கொடுக்காது. கிட்டாரைத் திறந்து, சுவிட்சை டேப்பில் வைத்து, நடுமுனைக் கம்பிக்கும் வெளிமுனைக் கம்பிக்கும் நேரடியாக மீட்டர் வையுங்கள். 5 வந்தால் சரி. பூஜ்யம் வந்தால் பிடித்துவிட்டீர்கள். சுவிட்சின் அடுத்தடுத்த இரண்டு காலுக்கு நடுவே ஈயம் பாலம் போட்டிருக்கலாம். சிறிய டாகிளில் கால்கள் மிக நெருக்கம். இல்லையென்றால் வெளிமுனையை நடுக்காலிலேயே நிரந்தரமாக வைத்திருப்பீர்கள்.

தீர்வு இரண்டுக்கும் ஒன்றே. பேசாத முனை எதையும் தொடாமல் காற்றில் தொங்க வேண்டும். "ஒரு கம்பியைச் சும்மா விடறதா அண்ணே, இரைச்சல் வராதா?" என்று அந்தக் கிள்ளான் தம்பி கேட்டார். வராது. சுவிட்சின் காலில் ஈயம் வைத்து உறுதியாக நிற்கும் கம்பிதான் அது. மின்சுற்றில் மட்டும்தான் தொங்குகிறது. மாற்றி இணைத்ததும் அவரையே வாசிக்கச் சொன்னேன். சுவிட்சைத் தள்ளி இரண்டு கார்ட் வாசித்தவர், மறுபடி பழைய பக்கம் தள்ளி, மறுபடி இந்தப் பக்கம் தள்ளி, ஒன்றும் சொல்லாமல் அரை மணி நேரம் வாசித்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு பிக்கப்பும் சேர்ந்தால் மட்டும் சத்தம் மெலிகிறது

தனித்தனியாக நன்றாக இருக்கும். செலெக்டரை நடுவில் வைத்தால் அடித்தொனி காணாமல் போய், தகர டப்பாவுக்குள் வாசிப்பது போலிருக்கும். ஃபேஸ், அதாவது இரண்டு பிக்கப்பின் மின் அசைவின் திசை, எதிரெதிராக இருக்கிறது.

சோதனை எளிது. செலெக்டரை ஒரு பிக்கப்பில் வைத்து, மீட்டரை ஜாக்கில் பழையபடி இணைத்து, இரும்பு ஸ்க்ரூடிரைவரைப் பிக்கப்பின் கம்பத்தில் ஒட்டிவிட்டுச் சட்டென்று எடுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். அடுத்த பிக்கப்பிலும் அதே மாதிரி செய்யுங்கள். இரண்டும் ஒரே திசையில் துள்ள வேண்டும்.

எதிர்த் திசை என்றால் ஒன்றின் ஹாட்டையும் கிரவுண்டையும் மாற்றிப் போட வேண்டும். டேப் பிக்கப்பை மாற்றாதீர்கள், மற்றதை மாற்றுங்கள். காரணம் எண்ணிலேயே இருக்கிறது. டேப் பிக்கப்பைத் திருப்பினால் வெளிமுனை கிரவுண்டாகிவிடும். அப்போது நடுமுனை தருவது 7 இல்லை, வெளிப்பக்க 5. முழுக் காயில் சரியாக இருக்கும், டேப் திடீரென்று சத்தம் குறைந்து நிற்கும், ஏன் என்று புரியாமல் ஒரு வாரம் மண்டை காயும். மாற்றப் போகும் மற்ற பிக்கப்பில் உலோக மூடி இருந்தால், மூடிக்கும் கிரவுண்டுக்கும் உள்ள இணைப்பைப் பிரித்து மூடிக்குத் தனியாக ஒரு கிரவுண்ட் கம்பி கொடுங்கள். இல்லாவிட்டால் மூடியே ஹாட் ஆகி, விரல் பட்டாலே உறுமும்.

ஸ்ப்ளிட் செய்ததும் உறுமல்

இதில் ஒரு பங்கு இயல்பு. உறுமலை அடக்கத்தான் ஹம்பக்கரே பிறந்தது. கிப்சன் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் 1955-இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஒரு காயிலை அணைத்தால் அந்தக் காவலும் போய்விடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த உறுமலும் அதன் மடங்குகளும் காயிலுக்குள் வரத்தான் செய்யும்.

இயல்பா கோளாறா என்று அறிய, கிட்டாரைப் பிடித்தபடி மெல்லத் திரும்புங்கள். ஏதோ ஒரு திசையில் உறுமல் நன்றாகக் குறைந்தால் காயில் காற்றிலிருந்து வாங்கும் உறுமல் அது. வயரிங்கைத் தொட வேண்டாம். கல்யாண மண்டபத்தில் எல்.இ.டி. திரையின் மின்வழங்கிக்குப் பக்கத்தில் நின்றால் எந்த ஒற்றைக் காயிலும் கத்தும், நாலடி தள்ளி நில்லுங்கள். தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைந்தால் கிரவுண்ட் சரி. தொட்டால் ஏறினால் ஜாக்கில் ஹாட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கின்றன. தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரி இரைந்தால் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் கம்பியைத் தேடுங்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உறுமல் அடங்குகிறது என்று ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த்தைத் துண்டிக்காதீர்கள், எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷனிலும் செருகாதீர்கள். உங்கள் விரல்கள் தந்தியில், தந்தி ஆம்பின் உடலில். ஆம்புக்குள் ஏதாவது கசிந்தால் 230 வோல்ட் உங்கள் வழியாக மைக்குக்குப் போகும்.

ஸ்ப்ளிட் செய்த இரண்டு ஹம்பக்கர்களைச் சேர்த்து வாசித்தால் உறுமல் அடங்க வேண்டுமானால், மிஞ்சும் இரண்டு காயிலும் எதிர்க் காந்தமும் எதிர்ச் சுற்றும் கொண்டவையாக இருக்க வேண்டும். ஒரு பிக்கப்பில் இணைப்பைக் கிரவுண்டுக்கு அனுப்புங்கள். ஹாட் பக்கக் காயில் மிஞ்சும். மற்றதில் இணைப்பை ஹாட்டுக்கு அனுப்புங்கள். கிரவுண்ட் பக்கக் காயில் மிஞ்சும். எது பேசுகிறது என்பதை ஆம்பைக் குறைந்த சத்தத்தில் வைத்து, ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு வரிசைக் கம்பத்தையும் மெல்லத் தட்டிக் கேளுங்கள். பேசும் வரிசையில் 'டொக்' என்று பலமாக வரும்.

ஸ்ப்ளிட்டில் சத்தம் ரொம்பவே இறங்கிவிடுகிறது

மற்ற எண்களெல்லாம் சரி, ஆனால் பாட்டின் நடுவே சுவிட்சைத் தள்ளினால் நீங்கள் மேடையிலேயே காணாமல் போகிறீர்கள் என்றால், இணைப்பை நேராகக் கிரவுண்டுக்கு அனுப்பாமல் நடுவில் ஒரு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். அணைய வேண்டிய காயில் முழுதாக அணையாமல் கொஞ்சம் பேசும். 8 கிலோ ஓம் ஹம்பக்கரில், 500 கிலோ ஓம் பாட்டோடு, ஸ்ப்ளிட் நிலையில் ஜாக்கில் 4-க்குப் பதில் 5.4 போலக் காட்டும். சில காசு விலையுள்ள ரெசிஸ்டர் இது. என் கையால் ஸ்ப்ளிட் செய்யும் கிட்டார்களில் இப்போது இதை வைக்காமல் அனுப்புவதில்லை. கொழுப்பும் கொஞ்சம் மிஞ்சும், உறுமலும் சற்றே அடங்கும்.

டேப் பிக்கப்பில் இந்த வித்தை வேண்டாம். உயரத்தை ஏற்றிப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்துத் தந்திக்கும் கம்பத்துக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை விடுங்கள். அதற்கும் நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்து, தடித்த தந்திகளில் சுருதி தள்ளாடும்.

ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது

ஈரப்பதம், டிரை சோல்டர் (சரியாக ஒட்டாத ஈயம்), இரண்டில் ஒன்று. சுவிட்சை ஆட்டினால் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனரைத் துளை வழியாக ஒரு துளி அடித்து, இருபது முப்பது முறை இப்படியும் அப்படியும் தள்ளுங்கள். துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். அதன் பிசுபிசுப்பில் தூசி குடியேறும். கம்பியை மரக்குச்சியால் தள்ளும்போது கரகரத்தால் அந்த இணைப்பை மறுபடி ஈயம் வைத்து எடுங்கள். பினாங்கில் கடலோரமாகக் குடியிருப்பவர்கள் கிட்டார்ப் பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள், உப்புக்காற்று சுவிட்சின் தகட்டை வேகமாகக் கறுக்க வைக்கும்.

சுவிட்சின் காலில் மூன்று விநாடிக்கு மேல் அயர்னை வைக்காதீர்கள். உள்ளே காலைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக். இளகினால் கால் ஒரு மயிரிழை சாய்ந்து, சில நாள் தொடும், சில நாள் தொடாது. இது ஒன்றுதான் உண்மையிலேயே சுவிட்சை மாற்ற வேண்டிய இடம்.

மேசையில் சரியாக இருந்தது, மூடியதும் போச்சு

மூடியின் அடியிலோ குழியின் சுவரிலோ ஒட்டிய செம்புத் தகடு கிரவுண்ட். இழுக்கும் வகைப் பாட் சாதாரணப் பாட்டை விட உயரம். அதன் கால்கள் குழியின் தரையைத் தொடும் தூரத்தில் நிற்கும். மூடி இறங்கும்போது ஹாட் இருக்கும் கால் தகட்டில் படும், சத்தம் போகும்.

மீட்டரைக் கேபிள் முனையில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, சுவிட்சை டேப்பில் வைத்து, மூடியின் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஒவ்வொரு திருகுக்கும் எண்ணைப் பாருங்கள். எந்தத் திருகில் 6.8 பூஜ்யமாகிறதோ அதன் பக்கத்தில்தான் கால் படுகிறது. அதைத் திறந்து, காலுக்கு ஷ்ரிங்க் ட்யூப் (சூட்டில் சுருங்கி ஒட்டும் உறை) போட்டு, எதிரே உள்ள தகட்டின் மேல் தடித்த அட்டைத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். பிறகு சுவிட்சை முழுக் காயில் பக்கம் தள்ளி, அதே திருகுகளை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். அந்த நிலையில் படுவது வேறு காலாக இருக்கலாம்.